சாம்பியனைப் பற்றிய இரண்டாவது நோட்டு

மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு குறுக்குத் தெரு தள்ளி, ஒரு பேக்கரியின் மாடியில், குத்துச்சண்டை சாம்பியன் ஒருவர் ஜிம் நடத்துகிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு மரியாதை தோன்றவில்லை. 'யார் சொன்னது?' என்றுதான் தோன்றியது. பிறவிக் குணம். பாலை மோந்து பார்க்காமல் காபி போட விடமாட்டேன். கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவரை நிற்கவைத்து, அவர் கண்ணெதிரிலேயே மூடியின் சீலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். லிஃப்டில் 'ஆறு பேர்' என்று எழுதியிருந்தால், எழுதியவன் எந்த உடம்பை மனதில் வைத்து எழுதினான் என்று யோசித்துப் படியேறிப் போவேன். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு ஐம்பத்து நான்கு வயதுக்குள் நான் கண்டுபிடித்த மோசடிகள் மொத்தம் இரண்டு. அதில் ஒன்றைச் செய்தவன் நானேதான். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

பெங்களூரிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் குத்துச்சண்டைப் போட்டிகள் நடத்துகிறவர்.

"சார், நீங்க தமிழ்ல காமெடியா எழுதுவீங்களாமே?"

மைசூரில் என்னைப் பார்த்து யாரும் இதைக் கேட்டதில்லை. நான் தமிழ்ப் பத்திரிகையில் எழுதுவது அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டரில் ஏதோ வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் மகள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். சிரிக்க வேண்டிய இடம் வருவதற்குள் அவளுக்குக் கல்லூரிக்கு நேரமாகிவிடும்.

விஷயம் இதுதான். சாம்பியன் தன் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள இன்னும் ஏழு வாரத்தில் மைசூரிலேயே ஒரு போட்டியில் இறங்குகிறார். அன்றைக்கு வெளியிட அவர் வாழ்க்கை வரலாறு ஒரு சிறு புத்தகமாக வேண்டும். நான் தமிழில் எழுதினால் யாராவது கன்னடத்தில் மாற்றிக்கொள்வார்கள்.

"என் பேரை உங்களுக்கு யார் சொன்னது?" என்றேன்.

"சாம்பியன் வீட்டம்மாதான் சார். எழுதினா அவருதான் எழுதணும்னு ஒத்தைக்கால்ல நிக்கறாங்க."

ஒரு குத்துச்சண்டை வீரரின் மனைவிக்கு என்னை எப்படித் தெரியும்? போனை வைத்ததும் இரண்டு நோட்டு வாங்கினேன். நீல அட்டை நோட்டு புத்தகத்துக்கு. சிவப்பு அட்டை நோட்டு சந்தேகத்துக்கு. மேற்படிக் கேள்வியைச் சிவப்பு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடிட்டேன்.

முதல் வியாழக்கிழமை மாலை மாடி ஏறினேன். கீழிருந்து பன் வேகும் வாசனையும் மேலிருந்து வியர்வை வாசனையும் பாதிப் படியில் சந்தித்துக்கொண்டன. உள்ளே ஒரு பென்ஷன்தாரர் குத்துமூட்டையைப் பழைய மேலதிகாரியாக நினைத்து அடித்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் பச்சைத் தோல் பெல்ட்டும் அதன் நடுவே தாம்பாளம் மாதிரி ஒரு தகடும். தகட்டில் ஆசியக் கண்டத்தின் படமும் மூன்று ஆங்கில எழுத்துகளும் இருந்தன. நான் அதற்கு முன்னாலேயே படித்துத் தயாராகப் போயிருந்தேன். தொழில்முறைக் குத்துச்சண்டையில் பட்டம் கொடுக்கும் சங்கங்கள் ஏராளம். நாலு பேர் சேர்ந்து மூன்று எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒரு கண்டத்துக்குச் சாம்பியனை நியமித்துவிடலாம். வளரும் வீரருக்கு, தோற்பதற்கென்றே ஆள் கொண்டுவந்து கணக்கில் வெற்றி சேர்ப்பதும் உண்டு. தகட்டைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே விரலால் தட்டிப் பார்த்தேன்.

"தகரந்தானுங்ணா," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "மேல முலாம்."

சாம்பியன். முப்பத்தைந்து வயது. என் தோள் உயரம்தான் இருப்பார். காது இரண்டும் கசக்கி எறிந்த காகிதம் போலிருந்தன. எல்லைக் காட்டோரத்துக் கௌதள்ளிப் பக்கத்துத் தமிழ்.

"மொத எட்டுச் சண்டையும் அப்படித்தானுங்ணா. ஒருத்தரு ஆட்டோ ஓட்டறவரு, ஒருத்தரு ஓட்டல்ல பரோட்டா போடறவரு. ரெண்டாவது ரவுண்டுல படுத்துக்கச் சொல்லித்தான் கூட்டியாந்தாங்க. அதையும் எழுதிக்கோங்க. ஒம்பதாவதுலருந்துதான் சண்டை."

மோசடியை நான் கண்டுபிடிப்பதற்குள் அவரே ஒப்புக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. சின்னத் திருட்டை ஒப்புக்கொள்கிறவன் பெரியதை மறைக்கிறான் என்று சிவப்பு நோட்டில் எழுதினேன்.

கதை நன்றாகவே வந்தது. சோளக்காடும் மஞ்சளும் உள்ள குடும்பம். பதினெட்டு வயதில் போலீஸ் வேலைக்காகத் தினமும் விடியற்காலையில் ஓடிப் பழகினார். தேர்வில் இரண்டு சென்டிமீட்டர் உயரம் குறைந்தது. நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அங்கே தொழிலாளர் மன்றத்தின் மூலையில் யாரும் சீண்டாத குத்துமூட்டை ஒன்று தொங்கியது. ஷிப்ட் முடிந்து பஸ் வரும்வரை அதை அடித்தார். பிறகு பஸ்ஸை விட்டுவிட்டு அடித்தார். மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, அப்புறம் தொழில்முறை. பெங்களூரில் கல்யாண மண்டபத்தில் போட்ட மேடை, பாங்காக்கில் ஒரு சந்தைக்குப் பின்னால் தகரக் கூரைக்குக் கீழே போட்ட மேடை. பட்டம் வென்றது அங்கேதான்.

"மூணாவது ரவுண்டுல உழுந்துட்டனுங்ணா. எட்டு எண்ணறப்ப எந்திரிச்சன். ஏழாவதுல அவனுக்கு ஈரல் மேல ஒண்ணு குடுத்தன். ஈரல்ல அடிச்சா உடனே தெரியாதுங். ஒரு நொடி நல்லாத்தான் நிப்பான். பொறவு தானா மடிவான்."

நீல நோட்டில் நான்கு பக்கம் நிறைந்தது.

அடுத்த வாரம் ஏதோ சரிபார்க்க அதையே மறுபடி கேட்டேன். "நான் எங்கீங் உழுந்தன்? கடைசி வரைக்கும் நின்னன். ஒம்பதாவதுல முடிச்சன்," என்றார். ஜிம்முக்கு அடுத்த அறைதான் அவர்கள் குடியிருக்கும் வீடு. சமையல் பக்கத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது: "ஏனுங்க, ஏழாவதுங்க."

"ஆமா, ஏழாவது," என்றார் சாம்பியன் உடனே.

எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பாகிவிட்டது. சிவப்பு நோட்டில் எழுதினேன்: பொய் ஒன்று. மனைவி எடுத்துக் கொடுக்கிறார்.

மூன்றாவது வாரம் அதே சண்டையில் பாயிண்ட் கணக்கில் ஜெயித்ததாகச் சொன்னார். தொழிற்சாலையில் நான்கு வருடம் இருந்தது ஒரு நாள் ஏழு வருடமானது. முதல் பயிற்சியாளர் ஒரு நாள் மண்டியாக்காரர், இன்னொரு நாள் ராணுவத்தில் இருந்தவர். ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து திருத்தம் வந்தது. கையில் துவரை இருந்தாலும் வெங்காயம் இருந்தாலும் அந்த அம்மாவின் காது மட்டும் எங்களோடுதான் உட்கார்ந்திருந்தது. நான் எல்லாவற்றுக்கும் தேதி, மணி போட்டு வரிசை எண் கொடுத்தேன். பெங்களூரிலிருந்து வந்த இரண்டு பையன்களோடு அவர் பயிற்சிச் சண்டை போட்ட ஒரு நாள், மேடையிலிருந்து இறங்கி வந்து, அரை மணி முன்னால் வணக்கம் சொன்ன என்னைப் பார்த்து, "எப்ப வந்தீங்ணா?" என்றார். அதையும் எழுதினேன். பதினான்கு: தெரியாதது போல் நடிக்கிறார்.

வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னேன். என் மனைவி மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழில் ஆரம்பித்துக் கோபம் ஏற ஏறக் கன்னடத்துக்குப் போய்விடுவாள்; பால் ஹாலு ஆகும், பூ ஹூவு ஆகும்.

"யார் மேலதான் நம்பிக்கை உங்களுக்கு? ஹாலு போடறவன் மேல சந்தேகம், ஹூவு விக்கறவ மேல சந்தேகம். இப்ப அந்த மனுஷன் மேலயும்."

"ஆதாரம் இருக்கு. பத்தொன்பது பொய்."

"அப்படியா? எங்க, எடுத்துட்டு வாங்க," என்றாள். அவள் என் எழுத்தைக் கேட்டு வாங்கிப் படித்தது அதுதான் முதல் முறை. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அந்தப் பாங்காக் சண்டையின் வீடியோவை நான்காவது வாரம் கண்டுபிடித்தேன். கூட்டத்தில் யாரோ போனில் எடுத்தது. பாதி நேரம் முன்னால் இருந்தவரின் முதுகுதான் தெரிந்தது. ஆனால் மூன்றாவது சுற்றில் நம் ஆள் விழுவது தெரிந்தது. நடுவர் எட்டு எண்ணும்போது எழுவது தெரிந்தது. ஏழாவது சுற்றில் இடது கை வளைந்து உள்ளே போனது. எதிராளி ஒரு நொடி நன்றாக நின்றான். பிறகு யாரோ கயிற்றை அறுத்துவிட்டது போலத் தானாக மடிந்தான்.

முதலில் சொன்னது அத்தனையும் உண்மை. அதற்கப்புறம் சொன்னதெல்லாம் உண்மையைவிடச் சிறியது. விழுந்து எழுந்து ஜெயித்த மனிதன், எதற்காகச் சும்மா நின்று பாயிண்டில் ஜெயித்தேன் என்று சொல்ல வேண்டும்? தன் பெருமையைத் தானே குறைத்துக்கொள்ளும் பொய்யனை நான் அதுவரை பார்த்ததில்லை. அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், வீடியோவைச் சந்தேகப்பட்டேன்.

இந்த லட்சணத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். இரண்டாம் அத்தியாயத்தில் சாம்பியன் விடியற்காலையில் ஊரில் ஓடும் பக்கம் சவசவ என்று இருந்தது. அவர் கூடவே ஒரு நாய் ஓடுவதாக எழுதினேன். பக்கம் எழுந்து உட்கார்ந்துவிட்டது. அதை அவருக்கு வாசித்துக் காட்டியபோது நெற்றியைச் சுருக்கினார்.

"நாயிங்களா? நான் ஓடுனது காட்டோரமுங்ணா. ஆனை வருமுன்னு எங்கூரு நாயெல்லாம் வெளிச்சம் வராம வாசலத் தாண்டாது. நாயெல்லாம் வேண்டாமுங்ணா, எடுத்துருங்க."

"எடுத்துடறேன்," என்றேன். எடுக்கவில்லை. ஒரு நாயால் யாருக்கு என்ன நஷ்டம்?

போட்டிக்குப் பதினாறு நாள் இருக்கும்போது, மத்தியான வேளையில், சாம்பியனின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அண்ணா, அந்தச் செகப்பு நோட்டக் குடுங்க."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

"நான்தான் சொன்னேன்," என்றாள். "பார்க்ல தினம் ஒண்ணாத்தான வாக்கிங் போறோம். உங்களை எழுதக் கூப்பிடச் சொன்னதும் நான்தான். பாலை மோந்து பார்க்கற ஆளு, ஒண்ணு விடாம எழுதி வெச்சுக்குவார்னு சொன்னேன்."

சிவப்பு நோட்டின் முதல் பக்கக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. என் திறமைக்காகக் கிடைத்த வேலை என்று நினைத்திருந்தேன். என் கெட்ட குணத்துக்காகக் கிடைத்திருக்கிறது.

அந்தம்மா நின்றபடியே நோட்டைப் புரட்டினார். இருபத்தேழு பொய்கள். நான் குற்றப்பத்திரிகை என்று எழுதியதை அவர் ஸ்கேன் ரிப்போர்ட் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு வந்தார். சில இடங்களில் உதடு அசைந்தது.

"இது இத்தனையா இருக்குமுன்னு நான் நினைக்கலீங்," என்றார். "ஒரு வருசமா மறக்கறாரு. மேட்சுல வாங்குனதக் காட்டிலும் பயிற்சியில வாங்குனதுதான் சாஸ்தி. தெனமும் மண்டையில. நான் சொன்னா எடுபடாதுங்ணா. மொத சண்டைக்கே போவேண்டாமுன்னு அழுதவ நானு. பதினோரு வருசமா அழுதுட்டே இருக்கறன். இப்ப, மறக்கறீங்கன்னு சொன்னா, ஆரம்பிச்சிட்டியாங்கறாரு."

"போட்டிக்கு முன்னால டாக்டர் பார்ப்பாரே?"

"பாப்பாரு. இன்னிக்கு என்ன கெழமை, இது என்ன ஊரு, ஒத்தக்கால்ல நில்லுங்க. அவ்வளவுதான். வண்டியில போறப்பவே அதையெல்லாம் சொல்லிப் பாத்துக்குவாரு." நோட்டை மூடினார். "சொல்லிக் குடுக்கறதே நான்தானுங்."

என் மனைவி அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"நீங்க இத அவருக்குப் படிச்சுக் காட்டோணும்ணா. நான் சொன்னா அழுவாச்சி. நீங்க சொன்னா எழுத்து."

எனக்குத் தைரியம் கிடையாது. எழுதுவதே நேரில் சொல்ல வேண்டாம் என்பதற்காகத்தான். ஆனால் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வியாழக்கிழமை, பென்ஷன்தாரர்கள் போனபின், சாம்பியன் மேடை ஓரத்தில் உட்கார்ந்தார். நான் வாசித்தேன். 'பொய்' என்ற வார்த்தையை எல்லா இடத்திலும் விழுங்கிவிட்டு, தேதியையும் அவர் சொன்னதையும் மட்டும். பாங்காக் சண்டை மூன்று விதமாக. பயிற்சியாளர் இரண்டு விதமாக. முதலில் சிரித்தார். பத்தாவது எண் வரும்போது சிரிப்பு நின்றது.

"நீங்க என்ன போலீஸுங்களா? கூடவே உக்காந்து டீ குடிச்சிட்டு இதத்தான் எழுதிட்டிருந்தீங்களா?"

"ஆமாம்."

"யாரு எழுதச் சொன்னது? எதிராளி ஆளுங்க ஏதாச்சும்..."

"யாரும் சொல்லலை. என் புத்தி அப்படி."

என் பக்கம் குனிந்து நோட்டை எட்டிப் பார்த்தார். பிறகு வேறு குரலில் கேட்டார்: "இதுல எதுங்ணா நெசம்?"

"முதல்ல சொன்னது. வீடியோ இருக்கு."

"அப்ப பாயிண்டுல ஜெயிச்சது?"

"அப்படி ஒண்ணு நடக்கலை."

எழுந்தார். "நல்லாத்தான் இருக்கறன். பாருங்க," என்று சொல்லி, ஆணியில் தொங்கிய கைப்பட்டைச் சுருள்கள் இரண்டை எடுத்தார். கையுறைக்குள் விரல் எலும்பு உடையாமல் இருக்கச் சுற்றும் துணிப்பட்டை. ஐந்து வாரம் பார்த்ததில் எனக்கே அது மனப்பாடம். கட்டைவிரலில் கண்ணி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல்முட்டியில் மூன்று, விரலிடுக்கு ஒவ்வொன்றிலும் ஒன்று, மறுபடி மணிக்கட்டு. பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, கண்ணை மூடிக்கொண்டுகூடச் செய்வார். இடது கையைச் சுற்றி முடித்தார். அழகாக, ஒரு மடிப்பு இல்லாமல். இரண்டாவது சுருளை எடுத்தார். அதன் கண்ணியை, ஏற்கெனவே சுற்றியிருந்த அதே இடது கட்டைவிரலில் மாட்டினார். மணிக்கட்டில் ஒன்று. இரண்டு. மூன்று.

அவர் மனைவி கதவருகில் நின்றிருந்தார். இந்த முறை எடுத்துக் கொடுக்கவில்லை.

முட்டிக்கு வந்தபோது அவர் கை நின்றது. தொடைமேல் சும்மா கிடந்த வலது கையைப் பார்த்தார். தலையணை மாதிரி பருத்திருந்த இடது கையைப் பார்த்தார். கீழே பேக்கரியில் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"சும்மா, உங்களச் சோதிச்சங்ணா," என்றார்.

எதையும் நம்பாத என் வாழ்க்கையில், இதை நம்ப முடிந்தால் தேவலை என்று நினைத்தது அந்த ஒரு தடவைதான்.

மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து பட்டையை அவிழ்த்தார். அவிழ்க்க அவிழ்க்கச் சுருட்டிக்கொண்டே வந்தார். இரண்டு சுருளும் முடிந்ததும் சாம்பியன் "போனக் குடு," என்றார். பெங்களூர்க்காரரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில்தான் பேசினார். காது ஒன்று சரியாகக் கேட்காது.

"மேடை ஏறலீங்க நானு."

"என்னது? போஸ்டர் ஒட்டியாச்சுப்பா! யாராவது எதாவது கொடுத்தாங்களா?"

"இல்லீங்க."

"பின்ன? அந்த எதிராளிப் பையனைப் பார்த்துப் பயந்துட்டியா?"

சாம்பியன் என்னைப் பார்த்தார். "ஆமாங்க," என்றார். "பயந்துட்டனுங்க."

அது இருபத்தெட்டாவது பொய். நோட்டில் எழுதவில்லை.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஸ்கேன் எடுத்தார்கள். நரம்பு மருத்துவர் சிவப்பு நோட்டைக் கேட்டு வாங்கி இரண்டு நாள் வைத்திருந்தார். என் எழுத்தை அவ்வளவு கவனமாகப் படித்தவர் வேறு யாரும் கிடையாது. இனி தலையில் ஒரு அடிகூடப் படக்கூடாது, போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, மேலும் போவதை மெதுவாக்கப் பார்க்கலாம் என்றார். பட்டம் வேறு யாருக்கோ போனது. தகரம் இவரிடமே இருக்கிறது. ஜிம்மில் இப்போது பென்ஷன்தாரர்களுக்கும் ஐடிக்காரர்களுக்கும் குத்தப் பழக்குகிறார். அவரைக் குத்த யாருக்கும் அனுமதி இல்லை. புத்தகம் வெளிவரவில்லை. பேர் போடாமல் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள் என்று அவரும் மனைவியும் சொன்னார்கள். அதனால்தான் இதில் யாருக்கும் பேர் இல்லை.

வியாழக்கிழமை மட்டும் நிற்கவில்லை. பழைய விஷயங்களைக் கேட்பது நல்லது என்று மருத்துவர் சொன்னதால், நீல நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் வாழ்க்கையை அவருக்கே வாசிக்கிறேன். இப்போது சந்தேகப்படுகிறவர் அவர். ஒவ்வொரு பக்கத்திலும் நிறுத்துகிறார். "இது நெசந்தானுங்களா, இல்ல நீங்க சேத்ததுங்களா?" நான் வீடியோவைக் காட்டுகிறேன். மனைவி உள்ளேயிருந்து சாட்சி சொல்கிறார்.

போன வாரம் இரண்டாம் அத்தியாயம் வந்தது. நாய் இருந்த பத்தியைத் தாண்டிவிடலாம் என்று வேகமாகப் பக்கத்தைப் புரட்டினேன்.

"என்னங்ணா, தாண்டிட்டீங்க? அந்த நாயி வருமில்லீங்?"

நான் நிமிர்ந்தேன். அவர் முகம் பல மாதமாக இல்லாத அளவுக்குத் தெளிவாக இருந்தது.

"கூடவே ஓடியாருமுங்ணா. ஓடையத் தாண்டறப்ப மட்டும் நின்னுட்டு என்னையப் பாக்கும். நான் தாண்டுன பொறவுதான் தாண்டும். அதுக்கு ஒரு காது பாதிதான் இருக்கும். அத எழுதலீங்களா நீங்க?"

உள்ளேயிருந்து திருத்தம் வரும் என்று காத்திருந்தேன். அவர்கள் ஊரில் நாய் வாசலைத் தாண்டாது என்று அந்தம்மாவுக்குத் தெரியும். குக்கர் விசில் அடித்தது. வேறு சத்தம் இல்லை.

நான் பேனாவைத் திறந்தேன்.

"எந்தக் காது?" என்று கேட்டேன்.

"எடதுங்ணா," என்றார் சாம்பியன், சந்தேகமே இல்லாமல்.